போஸ்ட்டாக் சேரலாமா? பாக்டீரியா நச்சுப்புரதம், பெங்களூரு, 2 ஆண்டு

பிரிவு: படிப்பும் பணியும்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, காலை 7.40

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் புரதப் படிகவியலில் (புரதத்தைப் படிகமாக வளர்த்து எக்ஸ்-கதிரால் அதன் வடிவத்தைப் பார்க்கும் துறை) முனைவர் பட்டம் முடித்து 11 மாதங்கள் ஆகின்றன. வயது 31. ஆய்வேடு காசநோய்க் கிருமியின் ஒரு நொதியைப் பற்றியது. ஐந்தரை ஆண்டு உழைப்பில் 2 முப்பரிமாண அமைப்புகள் கிடைத்தன. வெளியில் சொல்லிக்கொள்ளும்படியானது ஒன்றுதான்.

இப்போது பெங்களூருவில் ஓர் ஆய்வகம் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வரச் சொல்கிறது. நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமான நிமோகாக்கஸ் பாக்டீரியாவிடம் நிமோலைசின் என்றொரு நச்சுப்புரதம் இருக்கிறது. நம் உயிரணுவின் சவ்வில் அது எப்படித் துளை போடுகிறது, துளை போடவிடாமல் தடுக்கும் சிறு மூலக்கூறுகள் அதில் எங்கே போய் ஒட்டுகின்றன என்று கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் (புரதத்தை உறைய வைத்துப் பார்ப்பது) பார்க்க வேண்டும். 2 ஆண்டு. ஆர்.ஏ. (ஆய்வு இணைஞர்) முதல் நிலை, மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

எனக்கு எக்ஸ்-கதிரும் படிகமும்தான் தெரியும். கிரையோவைத் தொட்டதே இல்லை. இதற்கிடையில், எல்லாப் புரதத்தின் வடிவத்தையும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்துத் தள்ளிவிட்டதே, இன்னும் எதற்குக் குளிரறையில் கிடக்கிறாய் என்று கூடப் படித்தவர்கள் கேலி பேசுகிறார்கள். அம்மாவுக்கு போஸ்ட்டாக் என்றால் என்னவென்று விளக்கி முடியவில்லை. "டாக்டர் பட்டம்தான் வாங்கிவிட்டாயே, அதற்குப் பின்னால் இன்னொரு டாக்டரா?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

சனிக்கிழமை வரை அல்சூரில் அக்கா வீட்டில் இருக்கிறேன். வியாழக்கிழமை ஆய்வகத்துக்குப் போகிறேன். அங்கே எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும்? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சாந்திநகர் டிப்போ | ஞாயிறு, காலை 8.15

நான் பி.எம்.டி.சி. பேருந்து டிப்போவில் கணக்கு எழுதுகிறவன். மகள் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு. அவளும் இதே பாதையில்தான் போகப்போவதாகச் சொல்கிறாள். அதனால் கேட்கிறேன், தவறாக எண்ணவேண்டாம். ஒரு கிருமியின் புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்? மாத்திரை வந்துவிடுமா?

கிரிட்பெட்டி | ஞாயிறு, காலை 10.02

வைகைக்கரை, நான் இதே ஊரில் நான்காம் ஆண்டு போஸ்ட்டாக். கிரையோதான் வேலை. உங்களைப் பயமுறுத்திவிட்டுப் பிறகு தேற்றுகிறேன்.

கிரிட் என்பது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள உலோக வலைத்தட்டு. மூக்குத்தியைவிடச் சற்றுப் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசலை வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்து, நீர்ம ஈத்தேனில் சட்டென்று முக்க வேண்டும். நீர்ம நைட்ரஜன் இன்னும் குளிர்ச்சியானதாயிற்றே, அதிலேயே முக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஆவிமெத்தையின் மேல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நைட்ரஜனில் முக்கினாலும் கிரிட்டைச் சுற்றி அப்படி ஓர் ஆவிப்படலம் வந்து சூழ்ந்துகொள்ளும். குளிர் உள்ளே இறங்கத் தாமதமாகும், தண்ணீர் படிகமாக உறைந்து புரதத்தைக் கெடுத்துவிடும். ஈத்தேனில் கண்ணாடிபோல உறைகிறது. அந்த ஈத்தேனும் 183 பாகை மைனஸில் தானே உறைந்துவிடும் என்பதால் கிண்ணத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த உறைய வைக்கும் வித்தையைக் கண்டுபிடித்த டுபோஷேவுக்கும், உடன் ஃபிராங்க், ஹெண்டர்சன் இருவருக்கும் 2017 இல் நோபல் கொடுத்தார்கள். எனக்கு முதல் ஆண்டு முழுவதும் கிடைத்தது பனிக்கட்டிப் படங்கள். மழை நாளில் கிரிட்டை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் 2 நொடியில் காற்றின் ஈரம் நைட்ரஜனில் விழுந்து பொடிப்பொடியாகப் படிந்துவிடும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை நான் ஜன்னலைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவேன்.

இதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். படிகம் வளர்த்த கைக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வராதது வேறு. ஜி.கே.வி.கே. வளாகத்துத் தேசிய கிரையோ மையத்தில் 300 கிலோவோல்ட் டைட்டன் கிரியாஸ் இருக்கிறது, அறை உயரத்துக்கு நிற்கும் இயந்திரம். அதைப் பார்த்து மயங்கித்தான் நான் சேர்ந்தேன். என் புரதமோ குழாயில் 4 மணிநேரம்கூடத் தாங்காத புரதம். எவ்வளவு நல்ல நுண்ணோக்கியாக இருந்தாலும் கெட்டுப்போன புரதத்தைக் கெட்டுப்போனதாகத்தான் காட்டும், இன்னும் துல்லியமாகக் காட்டும். அதனால் வியாழக்கிழமை போனதும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடைசியாகச் சுத்திகரித்த புரதத்தின் ஜெல் படம் (என்னென்ன புரதம் இருக்கிறது என்று பட்டைகளாகக் காட்டுவது), நிரல் வரைபடம் (சுத்திகரிக்கும் குழாயிலிருந்து புரதம் இறங்கியதைக் காட்டுவது), தேதியோடு. பழைய கட்டுரையில் வந்த படம் வேண்டாம். போன மாதம், இப்போது அங்கே இருக்கிற ஒருவர் கையால் செய்தது வேண்டும்.

தாமிரபரணி_82 | ஞாயிறு, காலை 11.30

நான் எதிர்க்கட்சி. எக்ஸ்-கதிர்ப் படிகவியலில் பட்டம் வாங்கி, ஒரு போஸ்ட்டாக்கும் முடித்து, இப்போது வெளிவட்டச் சாலையில் ஒரு நிறுவனத்தில் புரத வடிவமைப்புக் கணினி வேலை பார்க்கிறேன். 2020 இறுதியில் புரத வடிவத்தைக் கணிக்கும் போட்டியில் ஆல்ஃபாஃபோல்டு 2 வென்ற செய்தி வந்த அன்று என் ஆய்வகத்தில் ஒருவரும் மதியம் சாப்பிடப் போகவில்லை. 2024 வேதியியல் நோபல் பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர் மூவருக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் 2 ஆண்டு பனிக்கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவருக்கே நீங்கள் சொன்ன 58,000 ஐவிடக் கூடுதல். படிகம் வளர்த்த அனுபவம் இங்கே வீண்போகாது; கணினி தரும் மாதிரியில் எது பொய் என்று முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தாம்.

வயது 31 என்கிறீர்கள். அடுத்தது 33, பிறகு இன்னொரு போஸ்ட்டாக், 36. ஆசிரியர் பணி விளம்பரத்தில் வயது வரம்பு என்ன என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எட்டாவது கிராஸ் | ஞாயிறு, மாலை 4.48

மல்லேஸ்வரத்தில் இருக்கிறேன். 30 ஆண்டுக்கு மேல் படிகவியல் செய்து ஓய்வு பெற்றவள். வைகைக்கரை, என் மாணவிகள் வயதுதான் உனக்கு, நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் டிப்போக்காரர் கேள்விக்கு வருகிறேன், நல்ல கேள்வி. மாத்திரை உடனே வராது. பல நேரம் மருந்து முன்னால் வரும், படம் பின்னால் வரும். ஸ்ட்ரெப்டோமைசினை 1943 இல் கண்டுபிடித்தார்கள். காசநோய்க்கு ஊசியாகப் போட்டு எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அது பாக்டீரியாவின் ரைபோசோமில் (உயிரணுவுக்குள் புரதம் செய்யும் இயந்திரம்) எந்த மூலையில் போய் உட்காருகிறது என்பதை அணு அணுவாகப் பார்த்தது 2000 இல்தான். பார்த்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் குழுவினர். தலைகீழாக நடந்ததும் உண்டு. அது வைரஸ், ஆனாலும் சொல்கிறேன்: குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸின் மேற்பரப்புப் புரதம் உருமாறுவதற்கு முன் எப்படி இருக்கும் என்று 2013 இல் பார்த்தார்கள். அந்த முன்வடிவத்தை மாறவிடாமல் பூட்டித் தடுப்பூசி ஆக்கினார்கள். 2023 இல் ஒப்புதல் வந்தது. 10 ஆண்டு. உங்கள் மகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

இனி ஆல்ஃபாஃபோல்டு. தாமிரபரணி சொல்வதை மறுக்கமாட்டேன். என் காலத்தில் இருந்திருந்தால் எனக்கு 7 ஆண்டு மிச்சமாகியிருக்கும். ஆனால் நிமோலைசின் அதற்கு ஏற்ற இரை இல்லை. 471 அமினோ அமிலம் கொண்ட அந்தப் புரதம் தண்ணீரில் தனியாளாக மிதக்கும்போது ஒரு வடிவம். சவ்வில் கொலஸ்ட்ராலைக் கண்டுகொண்டு ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வட்டமாக நின்ற பிறகு வேறு வடிவம். ஒவ்வொன்றிலும் சுருள் சுருளாக இருந்த பகுதிகள் அவிழ்ந்து நீண்ட கொண்டை ஊசிகளாகிச் சவ்வுக்குள் இறங்குகின்றன. 2017 இல் ஃபிராங்க்ஃபர்ட் குழு கிரையோவில் பார்த்த துளையில் 42 புரதங்கள் வட்டம் கட்டியிருந்தன. ஒன்றுக்கு 4 இழை வீதம் 168 இழைகள் சேர்ந்த பீப்பாய். ஒரே புரதம், 2 வடிவம், நடுவில் ஒரு பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலைத்தான் தடுக்க வேண்டும்.

இப்போது உனக்கு உறைக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. 2017 இலேயே துளையின் அமைப்பு வந்துவிட்டது. அப்படியானால் உன்னை அழைக்கும் ஆய்வகம் எதைப் புதிதாகக் கேட்கிறது? ஜெல்லைக் கேள் என்கிறார் கிரிட்பெட்டி. ஜெல்லுக்கு முன்னால் இதைக் கேள். பதில் சொல்ல நெறியாளர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் நல்லது. "இன்னும் கூர்மையான படம் எடுப்போம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடு.

வெளிநாடு பற்றி நீ எதுவும் எழுதவில்லை. எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) உதவித்தொகைக்குப் பட்டம் வாங்கி 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உனக்கு 11 மாதம் ஓடிவிட்டது. எங்கள் துறையின் எம். விஜயன் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் ஆய்வகத்தில் இன்சுலினோடு இருந்துவிட்டு 1971 இல் பெங்களூரு திரும்பியவர். பின்னால் காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ புரதம் வரை அவர் குழு அமைப்புகளைத் தீர்த்தது. போனதும் பயன்பட்டது, வந்ததும் பயன்பட்டது.

கடைசியாக என் வெட்கக்கேடு ஒன்று. கத்தி முனைபோல விளிம்புள்ள அழகான படிகம் எனக்கு ஒரு முறை வளர்ந்தது. ஆய்வகம் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனது. வீட்டில் கேசரி செய்து எடுத்துப் போனேன். இங்கே எக்ஸ்-கதிரில் ஒரு முறை வைத்துப் பார்க்கச் சோம்பிவிட்டு, நேராக பிரான்சின் கிரெனோபிளுக்குச் சின்குரோட்ரான் என்ற மிக வலிய எக்ஸ்-கதிர் ஒளிக்கு எடுத்துப் போய்விட்டேன். அங்கே திரையில் தெரிந்த புள்ளிகளை எண்ண இரண்டு கை விரல் போதும். அது புரதமில்லை, வெறும் உப்பு. திரும்பி வந்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த படிகத்தை ஊசியால் குத்தினேன்; கல்கண்டுபோல நறுக்கென்று உடைந்தது. புரதப் படிகத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர், அது மசியும், இப்படி உடையாது. குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் விமான டிக்கெட் எடுத்தேன்.

பூரணி | ஞாயிறு, மாலை 5.10

கேசரியை என்ன செய்தீர்கள் அம்மா?

எட்டாவது கிராஸ் | ஞாயிறு, மாலை 5.31

அது போவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. பிறகுதான் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரவுப்பணி | திங்கள், காலை 6.20

பணி முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும். இந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் நுண்ணுயிரியல் மருத்துவர். என் மேசைக்கு ஆங்ஸ்ட்ராம் (அணுக்களை அளக்கும் அலகு) வருவதில்லை, கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டுதான் வருகிறது.

முதலில் குறை சொல்லிவிடுகிறேன். மருந்துகளை முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்ற பாக்டீரியா நொதியைப் பாருங்கள். 2010 இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வில் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26 பாக்டீரியாக்களில் அது இருந்தது. பெயரில் "நியூ டெல்லி" வந்ததற்கு நாம் போட்ட கூச்சல் ஊருக்கே தெரியும். 2011 முதல் அதன் அமைப்பு கையில் இருக்கிறது: பள்ளத்தில் 2 துத்தநாக அயனி, மெரோபெனம் போன்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தின் வளையத்தை அந்த நொதி உடைக்கிறது. எல்லாம் தெரிந்தும் நேற்று இரவு ஐ.சி.யூ.வுக்கு நான் சொன்னது என்ன? செஃப்டாசிடிம்-அவிபாக்டாமோடு அஸ்ட்ரியோனாமைச் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான். அஸ்ட்ரியோனாமை என்.டி.எம். உடைக்காது; அதே கிருமியிடம் இருக்கும் மற்ற நொதிகள் உடைத்துவிடும்; அவற்றை அவிபாக்டாம் பார்த்துக்கொள்ளும். என்.டி.எம்.மின் பள்ளத்தை நேராக அடைக்கும் மருந்து என் அலமாரியில் இன்றுவரை இல்லை. அமைப்பு உயிரியலாளர்கள் இதைக் கொஞ்சம் அடக்கத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் நிமோலைசின் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்தப் புரதம் பாக்டீரியாவின் உள்ளேயே இருக்கிறது. வெளியே அனுப்புவதற்கான முகவரிச் சீட்டு அதில் கிடையாது. பாக்டீரியா வெடிக்கும்போதுதான் பெருமளவு வெளியே கொட்டுகிறது. நாம் கொடுக்கும் மருந்துகளில் பல அதை வெடிக்க வைத்துத்தான் கொல்கின்றன! கிருமி செத்துவிட்டது என்று அறிக்கை எழுதுகிறேன். நஞ்சு அப்போதுதான் பரவுகிறது. மூளைக்காய்ச்சலில் (மூளையுறைத் தொற்று) அதற்காகவே முதல் மருந்தோடு, முடிந்தால் அதற்குச் சற்று முன்பே, டெக்சாமெத்தசோன் போடுகிறோம், வீக்கம் மட்டுப்படட்டும் என்று. அப்படியும் பிழைத்த குழந்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். தாய்க்கு அது முதலில் பிடிவாதம் என்றுதான் தோன்றும். காது போயிருக்கும்.

தடுப்பூசி இருக்கிறது, 2017 இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021 இல் நாடு முழுவதும் வந்தது. அது பாக்டீரியாவின் சர்க்கரை உறையைக் குறிவைக்கிறது. உறை வகைகளோ 100 க்கும் மேல் உள்ளன. ஊசியில் இருப்பது சில. நிமோலைசின் ஏறக்குறைய எல்லா வகையிலும் இருக்கிறது. இதைத் தடுக்கிற ஒரு மூலக்கூறு வந்தால் அதை எந்த நேரத்தில் போடுவேன் என்று எனக்கு இப்போதே தெரியும்.

வைகைக்கரை, சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ஆய்வகத்துக்கு ஒரு மருத்துவரோடு பேச்சு உண்டா என்று கேளுங்கள்.

தாமிரபரணி_82 | திங்கள், காலை 9.05

மருத்துவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உறை, முகவரிச் சீட்டு எல்லாம் எனக்குப் புதிது.

எட்டாவது கிராஸ் அம்மா சொன்னதைக் கணக்குப் போட்டும் பார்த்தேன். 471 ஐ 42 ஆல் பெருக்கினால் 19,782. ஆல்ஃபாஃபோல்டு 3 இணையச் சேவை ஒரு வேலைக்கு 5,000 டோக்கன் (ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு டோக்கன்) வரைதான் வாங்கும். பாதி வட்டம்கூட நுழையாது. நுழைந்தாலும் சவ்வு இல்லாமல் என்ன பயன்? சரி, இந்தப் புரதத்தில் என் கட்சி தோற்றது. சம்பளக் கணக்கில் தோற்கவில்லை.

பெயரெதற்கு | திங்கள், பகல் 1.17

சம்பளம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் 5 மாதம் உதவித்தொகை வரவில்லை. மேலிருந்து நிதி வரவில்லை என்று அலுவலகம் சொன்னது. எல்லாம் அனுப்பிவிட்டோம் என்று மேலே சொன்னார்கள். நடுவில் வாடகை கேட்டு என் வீட்டு உரிமையாளர் நின்றுகொண்டிருந்தார். ஐந்தாம் மாதம் சங்கிலியை அடகு வைத்தேன். வந்தபோது மொத்தமாக வந்தது, மீட்டுவிட்டேன், அது வேறு.

நான் கற்றுக்கொண்டது: "2 ஆண்டு" என்று நெறியாளர் வாயால் சொல்வதும் திட்டத்தின் ஒப்புதல் கடிதத்தில் இருப்பதும் வெவ்வேறு. திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். உங்களை எடுப்பதற்கு முன்பே அதில் 6 மாதம் கரைந்திருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் கணக்குப் பிரிவு எழுத்தரிடம் கேளுங்கள், அவர் கூச்சப்படமாட்டார். கையில் 4 மாதச் செலவை வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டு முன்பணம் அதற்கு மேல். பழைய வீட்டுக்காரர்கள் இன்னும் 10 மாத வாடகை கேட்கிறார்கள்.

ஏரிக்கரை வள்ளுவர் | திங்கள், பகல் 2.40

அல்சூரில் இருப்பவருக்குத் தெரியாததா? 1991 இல் நிறுவிய வள்ளுவர் சிலை 2009 வரை 18 ஆண்டு துணியால் மூடியே கிடந்தது. உங்கள் புரதத்துக்கு 2 ஆண்டு கொடுக்கக் கூடாதா?

மட்டுறுத்துநர் | திங்கள், பகல் 3.00

நகைச்சுவைக்கு நன்றி. சிலை பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே தொடங்கவேண்டாம்.

வைகைக்கரை | திங்கள், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. பத்து கேள்வி எழுதி வைத்திருந்தேன், ஏழு கேள்விகளை அடித்துவிட்டேன். மீதி மூன்று: 2017 க்குப் பிறகு என்ன மிச்சம், ஜெல் எங்கே, திட்டம் எப்போது முடிகிறது. மருத்துவர் சொன்னது நான்காவது. இரவுப்பணி எழுதியதை அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அந்தக் குழந்தை வந்த இடத்தில் "நிறுத்து" என்றார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

வைகைக்கரை | வியாழன், இரவு 10.20

போய்விட்டு வந்தேன். வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, நினைவில் வருகிறபடி எழுதுகிறேன்.

ஹெப்பால் மேம்பாலத்தில் 50 நிமிடம் நின்றதால் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். நெறியாளர் கூட்டத்தில் இருந்தார். அது நல்லதாகப் போயிற்று. ஆய்வகத்தில் தருமபுரிக்காரத் தம்பி ஒருவன், திட்ட உதவியாளன், அவனிடமே ஜெல்லைக் கேட்டுவிட்டேன். "எந்த வாரத்து ஜெல் வேண்டும் அக்கா?" என்று திருப்பிக் கேட்டான். குளிரறைக் கதவில் தொங்கிய கம்பளிச் சட்டை ஒன்றை எனக்குக் கொடுத்து உள்ளே கூட்டிப் போனான். நோட்டுப் புத்தகத்தில் 11 ஜெல் படங்கள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றுக்கும் தேதி. நிமோலைசினின் எடையான 53 கிலோடால்டனில் தடித்த பட்டை. அதற்குக் கீழே மெலிதாக இன்னொன்று. "அது என்ன?" என்றேன். "மூன்றாம் நாளிலிருந்து வருகிறது. உடைகிறது. நான் சொன்னால் சார் நம்பவில்லை, அதனால்தான் 11 முறை ஓட்டினேன்" என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவன் பக்கத்து மேசையில் உட்காரலாம்போல இருந்தது.

பிறகு கணினியில் கிரிட் படங்களைக் காட்டினான். கிரிட்பெட்டி, நீங்கள் இதைத் தினமும் பார்ப்பவர், எனக்கு முதல் முறை. சாம்பல் நிறத் தரையில் வளையங்கள். முழு வளையம் குறைவு. பிறையாக, பாதியாக, கால்வாசியாகக் கிடந்தவைதான் அதிகம். சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் காலை மாசி வீதியில் கிடக்கும் உடைந்த வளையல்கள் நினைவுக்கு வந்தன. சொன்னேன்; தம்பிக்குப் புரியவில்லை, அவன் மதுரைத் திருவிழா பார்த்ததில்லை.

நெறியாளர் வந்ததும் எட்டாவது கிராஸ் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். 2017 இலேயே முழுத் துளை வந்துவிட்டதே, இங்கே என்ன புதிது? அவர் அந்தப் பிறைகளைத்தான் காட்டினார். 42 பேர் கூடி வட்டத்தை முடித்தால்தான் துளையா, பாதி வட்டத்திலேயே சவ்வு கிழிந்துவிடுகிறதா? பிறையே போதுமென்றால், வட்டம் முடிவதைத் தடுக்கும் மருந்து பயன்படாது. முதல் இருவர் கைகோப்பதையே தடுக்க வேண்டும். தங்களிடம் உள்ள 3 மூலக்கூறுகளில் எது எந்தக் கட்டத்தில் தடுக்கிறது என்று கேட்டதற்கு, "தெரியாது, அதற்குத்தான் ஆள் தேடுகிறேன்" என்றார். காப்பி ஆறிவிட்டது, அம்மா. பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

திட்டம் பற்றி, பெயரெதற்கு, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. கடிதப்படி மீதம் 19 மாதம். 24 இல்லை. கேட்டதும் ஒரு நொடி முகம் மாறியது, பிறகு கடிதத்தையே எடுத்துக் காட்டினார். மருத்துவரோடு பேச்சு இல்லை என்று ஒப்புக்கொண்டார். இரவுப்பணி, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

19 மாதத்துக்கு ஒப்புக்கொண்டேன். எம்போ விண்ணப்பத்தையும் இந்த ஆண்டுக்குள் எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்னார். சஹகார நகர், கொடிகேஹள்ளிப் பக்கம் 10 மாத முன்பணம் கேட்காத வீடு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

கிரிட்பெட்டி | வியாழன், இரவு 10.41

மூன்றாம் நாள் உடைகிறதென்றால் முதல் நாளே கிரிட் போடுங்கள். காலையில் நிரலில் இருந்து இறங்கியதும், மதியச் சாப்பாட்டுக்கு முன். வீடு இருக்கிறது, தனியாக எழுதுகிறேன். நீர்த்தொட்டி பெரிய வீடு, 2024 கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் தாக்குப்பிடித்தது.

தாமிரபரணி_82 | வியாழன், இரவு 11.08

19 மாதம் முடிந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எங்கள் குழுவில் அப்போதும் இடம் இருக்கும். அந்தப் பிறைப் படங்களில் எது முதல் இருவர், எது பிறகு சேர்ந்தவர் என்று பிரிக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறேன்.

சாந்திநகர் டிப்போ | வெள்ளி, காலை 6.50

வளையல் என்றதும்தான் எனக்குப் புரிந்தது, அம்மா. இழை முழுவதையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உப்புப் படிகம் வந்த இடத்தில் சிரித்தாள், காது போன குழந்தை வந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். நீங்கள் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? கிரிட் போடுவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

வைகைக்கரை | வெள்ளி, காலை 7.15

அனுமதி வாங்கிவிடுகிறேன், வாருங்கள். முதல் கிரிட் அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை. அன்று மழை பெய்தால் மட்டும் புறப்படவேண்டாம்.